ஊருக்குப் போகுமுன் தண்ணீரைப் பூட்டுங்கள்

கிறிஸ்மஸும் புதுவருடமும் முடிந்து பேரப்பிள்ளைகள் தங்கள் வீடுகளுக்குத் திரும்பியதும், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் உள்ள எங்கள் வீட்டில் பெட்டி கட்டும் வேலை தொடங்கிவிடும். தைப்பொங்கலுக்கு யாழ்ப்பாணத்தில் நிற்கவேண்டும் என்பது மனைவியின் ஆசை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் இதுவே எங்கள் வழக்கமாகிவிட்டது. தை முதல் கிழமையில் புறப்பட்டு, பங்குனிக் கடைசியில் திரும்பி வருவோம்.

முதன்முறை போனது 2015இல். எல்லா யன்னல்களையும் சரிபார்த்தோம், கதவுகளைப் பூட்டினோம், திறப்பைப் பெறாமகனிடம் கொடுத்தோம். காசை மிச்சம் பிடிக்கலாம் என்று ஹீற்றை 8 பாகைக்குக் குறைத்துவிட்டு விமானம் ஏறினோம். அந்த வருட மாசி, ரொறன்ரோ கண்ட மிகக் கடுங்குளிர் மாதங்களில் ஒன்று. ஊரில் நடுச்சாமம் ஒன்றரை மணிக்குப் போன் அடித்தது. கனடாவில் அப்போது பிற்பகல் மூன்று மணி.

"சித்தப்பா, பேஸ்மென்ற்ல தண்ணி நிக்குது. மேல குசினிச் சுவருக்குள்ள இருந்து ஊத்துது. எங்க பூட்டுறது?"

மெயின் வால்வ் எங்கே இருக்கிறது என்று அவனுக்கு நான் காட்டிக் கொடுத்திருக்கவில்லை. போனில் நான் சொல்லச் சொல்ல அவன் பெட்டிகளை இழுத்துப் போட்டுத் தேடினான். பூட்டி முடிக்க இருபது நிமிடம் போய்விட்டது. என் அம்மா ஊரிலிருந்து எழுதிய கடிதங்களை அங்கே ஒரு மட்டைப்பெட்டியில் வைத்திருந்தேன். மை கரைந்து, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே கட்டியாகிவிட்டன. வீட்டைத் திருத்திவிட்டோம். அந்தக் கடிதங்கள் போனது போனதுதான்.

குளிர்காலத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிற ஒவ்வொருவரும் அறிந்திருக்கவேண்டும் என்று நான் நினைப்பவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர்

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். குழாயின் ஓரிடத்தில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டால், அதற்கும் மூடிய பைப்புக்கும் இடையில் மாட்டிக்கொண்ட தண்ணீரில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் குழாய் பிளக்கும். பிளந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. பனிக்கட்டி உருகும்போதுதான் தண்ணீர் கொட்டத் தொடங்கும். வெளிச்சுவரை ஒட்டி ஓடும் குழாய்களுக்கும், கராஜுக்கு மேலே ஓடும் குழாய்களுக்கும்தான் ஆபத்து அதிகம்.

அதனால் புறப்படும் நாளில் நான் கடைசியாகச் செய்வது மெயின் வால்வைப் பூட்டுவது. பெரும்பாலான வீடுகளில் அது பேஸ்மென்றில், தண்ணீர் மீற்றருக்குப் பக்கத்தில் இருக்கும். பூட்டியபின் மேல்மாடியில் உள்ள பைப்புகளையும் ஆகக் கீழே உள்ள பைப்பையும் திறந்துவிடுவேன். மேலே காற்று நுழைய, குழாய்களில் நின்ற தண்ணீர் கீழால் வடியும். ரொய்லெற்றை ஒருமுறை ஃப்ளஷ் பண்ணித் தொட்டியை வெறுமையாக்குவேன். சலவை இயந்திரத்தின் இரண்டு பைப்புகளையும் பூட்டுவேன். முற்றத்துப் பைப்புக்கு உள்ளே தனி வால்வ் இருக்கும். அதை இலையுதிர் காலத்திலேயே பூட்டி, வெளிப்பைப்பைத் திறந்து வைத்துவிடவேண்டும்.

ஒரு எச்சரிக்கை: ரேடியேற்றரில் சுடுதண்ணீர் ஓடி வீட்டைச் சூடாக்கும் முறை உங்கள் வீட்டில் இருந்தால், பிளம்பரிடம் கேட்காமல் தண்ணீரை நிறுத்தவேண்டாம்.

ஹீற்றைக் குறைக்கலாம், நிறுத்தக்கூடாது

இப்போது நான் 15 பாகையில் வைத்துவிட்டுப் போகிறேன். வீட்டின் நடுவில் 8 பாகை என்றால் கழுவுதொட்டிக்குக் கீழே, சுவரோரத்தில், அது பூச்சியத்துக்கும் கீழே போகலாம். அதனால் கழுவுதொட்டியின் அலமாரிக் கதவுகளைத் திறந்தே விடுகிறோம். வீட்டின் சூடு உள்ளே போகட்டும்.

ஃபேர்னஸுக்குப் புது ஃபில்ரர் போடுங்கள். புதிய வகை ஃபேர்னஸ்களுக்கு வீட்டின் பக்கச்சுவரால் இரண்டு பிளாஸ்ரிக் குழாய்கள் வெளியே வரும், ஒன்று காற்றெடுக்க, மற்றது புகை போக. ஸ்னோ குவிந்து அவை அடைபட்டால் ஃபேர்னஸ் தானாக நின்றுவிடும். எங்கள் வீட்டில் அவை நிலத்திலிருந்து முழங்கால் உயரத்தில்தான் இருக்கின்றன. ஒரு பெரிய பனிப்புயல் போதும்.

எரிவாயுவில் ஓடும் ஃபேர்னஸுக்கும் மின்சாரம் வேண்டும். 2013 மார்கழியில், கிறிஸ்மஸுக்குச் சில நாட்களுக்கு முன் பெய்த உறைமழையில் ரொறன்ரோவில் மட்டும் சுமார் 3 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லாமல் போனது. சில வீடுகள் நாட்கணக்கில் குளிர்ந்து கிடந்தன. ஹீற் ஓடுகிறதே என்ற நம்பிக்கையில் தண்ணீரைத் திறந்து விட்டுப் போகவேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

காப்புறுதிப் பத்திரத்தை வாசியுங்கள்

குழாய் வெடித்தபின் காப்புறுதி நிறுவனம் கேட்ட முதல் கேள்வி, "நீங்கள் இல்லாதபோது வீட்டை யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்த்தார்கள்?" என்பது. பெறாமகன் இரண்டு கிழமைக்கு ஒருமுறை போய்வந்தான். அது போதாது என்றார்கள். திருத்தவேலைச் செலவு முழுவதும் எங்கள் தலையில் விழுந்தது.

கனடாவில் பல காப்புறுதிப் பத்திரங்களில் இந்த நிபந்தனை இருக்கிறது. குளிர்காலத்தில் நான்கு நாட்களுக்கு மேல் வீட்டில் இல்லாவிட்டால், ஒருவர் தினமும் வந்து ஹீற் ஓடுகிறதா என்று பார்க்கவேண்டும், அல்லது தண்ணீரை நிறுத்திக் குழாய்களை வடித்திருக்கவேண்டும். நாட்கணக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். புறப்படுமுன் உங்கள் முகவரை அழைத்துக் கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

குசினி

நத்தார்ச் சாப்பாட்டின் மிச்சத்தைப் பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுத்துவிடுவோம். பிறிட்ஜை வெறுமையாக்கித் துடைத்து, நிறுத்திவிட்டு, கதவு சாத்தாமல் இருக்க ஒரு துவாயைச் செருகி வைப்போம். பூட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். தனிப் பிறீஸரில் மீனோ இறைச்சியோ விட்டுப் போவதானால், ஒரு கோப்பையில் தண்ணீரை உறையவைத்து அதன்மேல் ஒரு நாணயத்தை வையுங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் நல்லது. கீழே இறங்கியிருந்தால், இடையில் எல்லாம் உருகி மீண்டும் உறைந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த மீனைச் சமைக்கக்கூடாது.

கறிவேப்பிலைக் கன்று

எங்கள் கன்றைப் பல வருடங்களாக வளர்க்கிறோம். கோடையில் முற்றத்தில் நிற்கும், குளிரில் யன்னலோரம் வரும். முதல் வருடம் அதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுக்க வெறுமனே தூக்கிக்கொண்டு போனேன். வெளியே மறை 15 பாகை, நடந்ததோ இரண்டு நிமிடம். மறுநாள் இலைகள் எல்லாம் கறுத்துத் தொங்கின. தண்டு தப்பியதால் வசந்தத்தில் மீண்டும் துளிர்த்தது. இப்போது மார்கழி நடுப்பகுதியில், குளிர் குறைந்த ஒரு மதியத்தில், போர்வையால் சுற்றிக் கொண்டுபோகிறோம். "மண் காய்ஞ்ச பிறகு மட்டும் கொஞ்சமா ஊத்துங்கோ அக்கா" என்று மனைவி ஒவ்வொரு வருடமும் சொல்லிவிட்டுத்தான் வருவாள்.

திறப்பு யார் கையில்?

திறப்பைக் கொடுப்பது பாதி வேலைதான். பெறாமகனை இப்போது புறப்படுமுன் ஒரு நாள் சாப்பாட்டுக்கு அழைப்போம். சாப்பிட்டபின் அவனோடு வீடு முழுவதும் நடப்பேன். மெயின் வால்வை அவன் கையாலேயே பூட்டித் திறக்கவேண்டும். வால்வில் ஒரு சிவப்பு ரிபன் கட்டியிருக்கிறேன். ஃபேர்னஸ் சுவிட்ச், மின்பெட்டி, வெளியே உள்ள இரண்டு குழாய்கள், பிளம்பரின் எண், காப்புறுதி இலக்கம் எல்லாம் ஒரே தாளில் எழுதிப் பிறிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. அவன் வரும்போதெல்லாம் தேர்மோஸ்டாற்றைப் படமெடுத்து அனுப்புகிறான். அந்தப் படங்கள் காப்புறுதிக்கும் சாட்சி.

ஸ்னோ தள்ள ஒருவரைப் பணம் கொடுத்து ஒழுங்கு செய்யுங்கள். காலடி படாத வாசல், வீட்டில் ஆளில்லை என்று தெருவுக்கே சொல்லும். தபாலைக் கனடா போஸ்ற்றில் கட்டணம் செலுத்தி நிறுத்திவைக்கலாம். கிறிஸ்மஸ் அலங்கார விளக்குகளைக் கழற்றிவிட்டு, வரவேற்பறை விளக்கு ஒன்றுக்கு ரைமர் போடுங்கள்.

நீண்ட நாள் தங்குபவர்கள் இரண்டு எண்களை மறக்கக்கூடாது. பொதுவாக, எந்த 12 மாதத்திலும் 212 நாட்களுக்கு மேல் ஒன்ராறியோவுக்கு வெளியே நின்றால் ஓஹிப் மருத்துவக் காப்பு கேள்விக்குள்ளாகும். முதியோர் ஓய்வூதியத்தோடு ஜி.ஐ.எஸ் என்னும் வருமான உதவித்தொகையும் பெறுபவர்கள் ஆறு மாதத்துக்கு மேல் கனடாவுக்கு வெளியே நின்றால் அந்தக் கொடுப்பனவு நின்றுவிடும்.

ஊரில் பொங்கல் பானை பொங்கும்போது மனம் அங்கேயே இருக்கவேண்டும். அதற்காக இன்றிரவே பேஸ்மென்றுக்கு இறங்கி, உங்கள் மெயின் வால்வைத் தேடிப் பிடித்துத் திருகிப் பாருங்கள். பல வருடம் தொடாத வால்வ் இறுகிப் போயிருக்கும். அப்படியிருந்தால் நாளைக்கே பிளம்பரை அழையுங்கள். புறப்படும் நாளன்று அதற்கு நேரம் இருக்காது.