சித்திரைக்குக் காத்திருக்கும் பாதிரி!

திருப்பூரில் இருந்து சுமார் 14 கி.மீ. தொலைவில் இருக்கிறது அவிநாசி. அவிநாசியப்பரையும் கருணாம்பிகை அம்மனையும் தரிசிக்க நீங்கள் பலமுறை போயிருப்பீர்கள். அங்கே ஸ்தல விருட்சமாக நிற்கும் பாதிரி மரத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா?

பிரம்மோற்ஸவ காலத்தில் மட்டுமே இந்த மரம் பூக்கும் என்பது தலத்தின் ஐதீகம். பிரம்மோற்ஸவம் சித்திரையில், தரையில் கால் வைக்க முடியாத வெயில். பாதிரியும் வேனிற்காலத்துப் பூதான். சங்கப் புலவர்களே அதைப் பாலை நிலத்துக்கு உரியதாகச் சொல்கிறார்கள். ‘அப்படியென்றால் இதில் என்ன அதிசயம்?’ என்று உங்கள் வீட்டுப் பிள்ளை கேட்கலாம். எல்லாம் வாடுகிற மாதத்தில் ஒரு மரம் வாசனையோடு பூக்கிறதே, அதுவே அதிசயம்தான் என்று சொல்லுங்கள்!

இந்தத் தலத்தின் கதையும் அப்படித்தான். குளிக்கப் போன இரண்டு சிறுவர்களில் ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. சில ஆண்டுகள் கழித்து சுந்தரர் அந்த வீதி வழியே வருகிறார். தப்பிய பிள்ளையின் வீட்டில் உபநயன மங்கல ஒலி; எதிர் வீட்டில் அழுகை. அந்தத் தாயை நினைத்துப் பாருங்கள். எதிர் வீட்டுப் பிள்ளை வளர வளர, ‘என் மகனுக்கும் இப்போது இத்தனை வயது’ என்று எண்ணியிருப்பாள் இல்லையா? அப்படியும், சுந்தரர் வந்ததும் கண்ணீரை மறைத்துக்கொண்டு வணங்குகிறார்கள் பெற்றோர். விஷயம் அறிந்த சுந்தரர் நீர்க்கரைக்குப் போய்ப் பதிகம் பாடுகிறார். 4-வது பாடலில் முதலை பிள்ளையைக் கொண்டுவந்து கரையில் சேர்க்கிறது. விழுங்கிய வயதில் அல்ல... இடைப்பட்ட வருடங்களின் வளர்ச்சியோடு! அவனுக்கும் உபநயனம் நடக்கிறது.

பிள்ளையை மட்டுமல்ல, அந்தத் தாய் இழந்த வருடங்களையும் சேர்த்துத் தந்தார் அவிநாசியப்பர். பூவில்லாத மாதங்களில் பாதிரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவள் நினைவுதான். இன்னொன்று... பிரசவமான பெண்களுக்குத் தருகிற தசமூலாரிஷ்டத்தின் பத்து வேர்களில் பாதிரி வேரும் ஒன்று.

‘ஷிப்மென்ட் நேரம்’ என்று வீட்டுக்காரர் தேருக்கு வராவிட்டால், பிள்ளைகளையாவது அழைத்துச் செல்லுங்கள். கிளையை ஒடிக்க வேண்டாம். உதிர்ந்த பூ கிடைத்தால், அவர்கள் கையில் கொடுத்து முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.