95 காட்டுகிறது, பிறகும் ஏன் மூச்சு முட்டுகிறது?

கேள்வி: என் மாமனாருக்கு வயது 72. நுரையீரல் புற்றுநோய் முற்றிவிட்டது, இனி கீமோ வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினால் 95 காட்டுகிறது. ஆனால் பாத்ரூம் போய்த் திரும்புவதற்குள் மூச்சு முட்டித் தவித்துப்போகிறார். ஆக்சிஜன் சிலிண்டர் வாடகைக்கு எடுக்கலாமா? டாக்டர் குறைந்த அளவில் மார்ஃபின் எழுதியிருக்கிறார். அதைக் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்று நாத்தனார் தடுக்கிறார்.
– வாசகி, கும்பகோணம்

பதில்: ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைத்தான் அந்தக் கருவி காட்டும். திணறல் என்பது மூளை உணர்வது. இன்னும் ஆழமாக இழு என்று மூளை கட்டளையிடுகிறது. நோயில் இளைத்த மார்புத் தசைகளாலும் இறுகிப்போன நுரையீரலாலும் அந்த அளவுக்கு விரிய முடிவதில்லை. அந்த இடைவெளிதான் மூச்சு முட்டலாகத் தெரிகிறது. பயமும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். ஆகவே 95ஐக் காட்டி, "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று அவரிடம் சொல்லாதீர்கள்.

சிலிண்டருக்கு அவசரப்பட வேண்டாம். ஆஸ்திரேலியா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்று நாடுகளிலும் ரத்த ஆக்சிஜன் அதிகம் குறையாத, ஆனால் திணறல் தீராத 239 பேரிடம் நடந்த ஆய்வு 2010இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. பாதிப் பேருக்கு மூக்குக் குழாய் வழியே ஆக்சிஜன், மீதிப் பேருக்கு அதே குழாயில் அறையின் சாதாரணக் காற்று. யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் இரு தரப்புக்கும் ஓரளவு நிம்மதி. இடையே வித்தியாசம் இல்லை. அளவு 90க்குக் கீழே இறங்கினால் கதை வேறு, அப்போது டாக்டரிடம் கேளுங்கள்.

காற்று முகத்தில் படுவதே ஒரு மருந்து. அதே 2010இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் குழுவினர் கையடக்க மின்விசிறியை நோயாளிகளின் முகத்துக்கும் காலுக்கும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். முகத்தில் பட்டபோதுதான் திணறல் தணிந்தது. மூக்கையும் கன்னத்தையும் சுற்றியுள்ள நரம்புகள் குளிர்ச்சியை மூளைக்குச் சொல்வதுதான் காரணம் என்று கருதுகிறார்கள். பேட்டரியில் ஓடும் சின்ன விசிறி ஒன்று வாங்குங்கள். முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, மூக்கும் மேலுதடும் குளிரும்படி ஐந்து நிமிடம் பிடிக்கலாம். கையில் தெம்பிருந்தால் அவரே பிடிக்கட்டும்; தன் மூச்சு தன் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்கிற தைரியம் வரும். மேசையில் தலையணை வைத்து, முழங்கைகளை ஊன்றி முன்னால் சாய்ந்து உட்காருவதும் உதவும். பாத்ரூம் வழியில் பாதியில் ஒரு நாற்காலி போடுங்கள். கட்டிலைச் சுற்றி உறவுக்கூட்டம் நிற்பதைக் கொஞ்சம் கலைத்துவிடுங்கள். நம் வீடுகளில் இதுதான் எல்லாவற்றையும்விடச் சிரமம்!

மார்ஃபின் விஷயத்தில் நாத்தனாரின் பயம் பலருக்கும் உள்ளதுதான். டாக்டர் சொன்ன சிறு அளவில் தொடங்கி, பார்த்துப் பார்த்துக் கூட்டினால் அது ஆயுளைக் குறைப்பதாக ஆதாரம் இல்லை. அதற்காக எல்லோருக்கும் பலிக்கும் என்றும் சொல்லமாட்டேன். 2003இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில் தினம் 20 மில்லிகிராம் மார்ஃபின் திணறலைத் தணித்தது. 2022இல் சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள 156 பேரிடம் நடந்த ஆய்விலோ, ஒரு வாரத்தில் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. எனவே சில நாள் கொடுத்துப் பார்த்து, தணியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் மாற்றுவார். முதல் சில நாள் தூக்கம் அசத்தும். மலச்சிக்கல் பெரும்பாலும் வரும் என்பதால் மலமிளக்கியையும் முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்குங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

இத்தனைக்கும் முன்னால் ஒன்று: நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா, ரத்தசோகையா, சளித்தொற்றா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். இவை சரிசெய்யக்கூடியவை. திணறல் திடீரென்று கூடினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அழையுங்கள்.