கொசு விரட்டும் மூலிகைகள்: பயனும் எல்லையும்

கடலும் கொசத்தலையாற்றின் கழிமுகமும் சூழ்ந்த காட்டுப்பள்ளிப் பகுதியில் மழையோடு கொசுவும் வந்துவிடுகிறது. “இரசாயனம் வேண்டாம், மூலிகையே போதாதா?” என்று தாய்மார்கள் எங்களிடம் கேட்பதுண்டு. அதற்கான விடையை இங்கே காண்போம்.

எந்தக் கொசு, எப்போது?

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபென்சி இரவில் கடிக்கும். இரண்டுமே மூடாத தொட்டியிலும் தண்ணீர் டிரம்மிலும் முட்டையிடுபவை. ஆகவே, இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்குவோருக்கும் தொட்டிலில் தூங்கும் குழந்தைக்கும் பகலிலும் கொசுவலை தேவை.

மூலிகை எவ்வளவு உதவும்?

எலுமிச்சைப்புல், சிட்ரோனெல்லா ஆகியவற்றின் எண்ணெய்கள் கொசுவை விரட்டுவது உண்மையே. ஆனால் அவை விரைவில் ஆவியாகிவிடுவதால், பயன் பெரும்பாலும் ஓரிரு மணி நேரமே நிலைக்கும். வேப்பெண்ணெயைத் தேங்காய் எண்ணெயில் 2 சதவீத அளவில் கலந்து பூசும் முறை நம் நாட்டிலேயே ஆராயப்பட்டு, மலேரியாக் கொசுக்களிடம் நற்பயன் கண்டது. எலுமிச்சை யூகலிப்டஸ் மரத்திலிருந்து பெறும் பி.எம்.டி. என்னும் பொருள் இவற்றினும் நீடித்த பாதுகாப்புத் தரும். எனினும் 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதனைப் பூசலாகாது. கடையில் கிடைக்கும் நீலகிரித் தைலம் வேறு. அது இதற்கு ஈடாகாது.

எந்த எண்ணெயையும் நீர்க்கச் செய்யாமல் பூசாதீர்கள். முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு தடவி, ஒரு நாள் கழித்துத் தடிப்போ அரிப்போ இல்லையெனில் மட்டும் பயன்படுத்துங்கள்.

ஆபத்தாகும் பழக்கங்கள்

கற்பூரத்தைச் சிறு குழந்தை விழுங்கினால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரக்கூடும். கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்டுவதும் மூளையையும் கல்லீரலையும் பாதிக்கும். இவ்வாறு நேர்ந்தால் வாந்தி எடுக்கச் செய்யாமல் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். நொச்சி, வேம்பு இலைகளின் புகை கொசுவை ஓட்டினாலும் ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சிரைப்பைத் தூண்டும். மூடிய அறையில் புகை போடுதல் வேண்டாம்.

நாயும் பூனையும்

மனிதருக்கு ஏற்றது விலங்குக்கும் ஏற்றதென எண்ணிவிடக் கூடாது. பூனையின் கல்லீரலால் பல தைலப் பொருள்களைச் சிதைக்க இயலாது. தன் உடலை நக்கும் பழக்கமும் அதற்கு உண்டு. எனவே தைலங்களைப் பூனைமீது தடவவே கூடாது. நாய்க்கான பெர்மெத்ரின் மருந்தும் பூனைக்கு நஞ்சாகும். நாயின் உண்ணிக்குக் கால்நடை மருத்துவர் தரும் மருந்தே உறுதியானது.

முதற்கடமை

ஏடிஸ் முட்டை கொசுவாவதற்கு ஏறத்தாழ 7 முதல் 10 நாள்களே போதும். முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, உலர்ந்தும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். ஆதலால் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை டிரம்மைத் தேய்த்துக் கழுவி, இறுக மூட வேண்டும்.

காய்ச்சல் கண்டால் ஆஸ்பிரினோ இபுப்ரோஃபெனோ தாமாக உட்கொள்ளாதீர்கள். டெங்குவாயின் அவை இரத்தக் கசிவை மிகுவிக்கும். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், காய்ச்சல் தணிந்துவிட்டதென்று இருந்துவிடாமல் உடனே வாருங்கள். டெங்குவில் பெரும்பாலும் அந்த நேரமே ஆபத்தான நேரம்.