தாத்தா வாங்கிய பில்லியர்ட்ஸ் மேசை

கேள்வி: என் தாத்தா தேயிலை எஸ்டேட்டில் ஹெட் கிளார்க்காக இருந்தவர். வெள்ளைக்கார மேனேஜர் ஊரைவிட்டுப் போகும்போது பங்களாவிலிருந்த பில்லியர்ட்ஸ் மேசையை வாங்கி எங்கள் வீட்டுக் கூடத்தில் போட்டுவிட்டார். பன்னிரண்டடி நீளம், எட்டுக் கால். இப்போது அதன்மேல் இஸ்திரிக்கு வேண்டிய துணிதான் குவிகிறது. பச்சைத் துணியைப் பூச்சி அரித்துவிட்டது. விளிம்பில் பந்து மோதினால் 'தொப்'பென்று அங்கேயே நிற்கிறது. வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா? வார்னிஷ் வாங்கி வைத்திருக்கிறேன். பெட்டியில் மூன்று பழைய பந்துகளும் உள்ளன.
— ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: வார்னிஷ் டப்பாவைத் திறந்துவிடாதீர்கள். அதற்கு வேலையே இல்லாமல் போகலாம். முதலில் டார்ச்சை எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் படுத்துப் பாருங்கள்.

துணிக்குக் கீழே இருப்பது மரம் அல்ல, சிலேட்டுக் கல். நாம் எழுதிப் பழகிய சிலேட்டின் பெரியண்ணன். மரப்பலகை ஈரத்துக்கு வளைந்துகொடுக்கிறது என்று லண்டனில் ஜான் தர்ஸ்டன் 1826-ல் கல்லுக்கு மாறினார். பிறகு எல்லோரும் மாறினார்கள். உங்கள் மேசையில் ஐந்து கற்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் நூற்றைம்பது கிலோவுக்குக் குறையாது. மொத்த மேசை ஒரு டன்னைத் தாண்டும். ஆகவே கூடத்தின் தரை மரத்தளமா, காங்கிரீட்டா என்பதும் ஒரு கேள்வி. மரத்தளமென்றால் கால்களுக்குக் கீழே தாங்கல் இருக்கிறதா என்று பாருங்கள். கால்களிலும் சட்டத்திலும் கரையான் மண்கோடு, உளுத்த பொடி தெரிந்தால் அதைத் தீர்த்த பிறகுதான் மற்ற வேலை.

அடுத்து, ஓரத்தில் துணியைக் கொஞ்சம் தூக்கி, இரண்டு கற்கள் சேரும் இடத்தில் விரல் நகத்தைக் குறுக்கே இழுங்கள். நகம் தட்டினால் பந்தும் தட்டும். அந்தக் காலத்து ஆட்கள் இணைப்பில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசி, காய்ந்ததும் சுரண்டிச் சமமாக்கினார்கள். இன்றைக்கும் அது செல்லும். ஆனால் கல்லின் மட்டத்தைப் பார்க்க கொத்தனாரின் ரசமட்டம் போதாது. அதைவிடப் பல மடங்கு நுட்பமான மட்டம் வேண்டும்.

விளிம்பு ரப்பரை மாற்ற, பக்கவாட்டு போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். இங்கேதான் நான் வாங்கிய அடி. துருப்பிடித்த போல்ட் ஒன்றை நீளக் குழாய் மாட்டி வம்படியாகத் திருப்பினேன். போல்ட் வரவில்லை, அது மாட்டியிருந்த கல்லின் ஓரம் உள்ளங்கை அகலத்துக்குச் சில்லாக வந்தது. நட்டுகள் கல்லுக்குள்ளேயே பொதிந்திருக்கும் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. துரு நீக்கும் எண்ணெயை விட்டு, இரண்டு நாள் பொறுத்து, மெல்ல முன்னும் பின்னும் ஆட்டிக் கழற்றுங்கள். கல்லையே தூக்க நேர்ந்தால் படுக்கவைத்துத் தூக்காதீர்கள். விளிம்பில் நிறுத்தித்தான் நகர்த்த வேண்டும். நாலு பேர் வேண்டும்.

'தொப்' என்ற சத்தம் ரப்பர் செத்துப்போனதன் அடையாளம். ஆறு விளிம்புகளுக்கும் ஒரே சமயத்தில் புதிது போடுங்கள். அமெரிக்க பூல் மேசைக்கான ரப்பரின் வடிவம் வேறு. விலை குறைவென்று அதை வாங்கிவிட வேண்டாம்.

துணி மாற்றும் வேலையை மட்டும் நீங்கள் தொடவே கூடாது என்பேன். கம்பளி நூலால் நெய்த அந்தத் துணிக்குப் பூனை முதுகுபோல மயிரோட்டம் உண்டு. ஆட்டம் தொடங்கும் பக்கத்திலிருந்து, இதே மேசையில் ஸ்னூக்கர் ஆடினால் கறுப்புப் பந்து வைக்கும் பக்கம் அது ஓட வேண்டும். மாற்றிப் போட்டால் மெதுவாக உருளும் பந்தெல்லாம் உங்களுக்கு எதிராகத் திரும்பும். இழுத்துக் கட்டுவதும் ஒருநாள் கூலிக்குக் கற்கிற வித்தையல்ல. உங்கள் மலையிலேயே ஆளைத் தேடலாம். ஜபல்பூரில் 1875-ல் ஸ்னூக்கரைத் தொடங்கிவைத்த நெவில் சேம்பர்லின் (பிரிட்டிஷ் பிரதமராக இருந்தவர் வேறு ஆள்) பின்னர் அதைக் கொண்டுவந்து விதிகளோடு நிலைநாட்டியது ஊட்டி கிளப்பில்தான் என்பார்கள். கிளப்புகளில் மேசையைக் கவனிக்கும் மார்க்கர்களைக் கேளுங்கள். துணி போடுகிறவர் யார் என்பதும் அவருக்கு எப்போது ஒழியும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இனி மரம். மறைவான இடத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஒரு தேய்ப்பு. பிசுபிசுத்தால் அது அரக்குப் பாலிஷ். சோப்புநீர் பிழிந்த துணியால் துடைத்து, மங்கிய இடங்களில் மட்டும் மெல்லிய அரக்குப் பூச்சுகள் கொடுங்கள். உப்புத்தாளால் தேய்த்தால் நூறு வருஷத்து நிறம் ஒரு மத்தியானத்தில் போய்விடும். வீட்டிலேயே நிதானமாகச் செய்யக்கூடிய, செய்து மகிழக்கூடிய வேலை இதுதான். கிழிந்த பை வலைகளை மாற்றுவதும் அப்படியே.

பந்துகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் மெல்லிய கோடுகள் தெரிந்தால் அவை யானைத் தந்தம். விற்றால் குற்றம், யாராவது ஆசைகாட்டி விலை கேட்டாலும் கொடுக்கக் கூடாது. வனத்துறையிடம் சொல்லி என்ன செய்வதென்று கேளுங்கள். ஆடுவதற்கு 52.5 மில்லிமீட்டர் பந்துத் தொகுதி கடையில் கிடைக்கிறது. அதை வாங்கிக்கொள்ளுங்கள், இஸ்திரித் துணிக்கு வேறு இடம் பார்த்துவிட்டு.