மூன்று கிராம் உயிர்

வானத்துப் பறவைகளுக்குக் கவலையே இல்லை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். காஸ்டா ஹம்மிங் பறவையின் ஒரு நாளை அறிந்தால் அப்படிச் சொல்லச் சற்றுத் தயங்குவோம்.

நம் வீட்டுச் செம்பருத்தியில் தேன் குடிக்கும் தேன்சிட்டையே ஹம்மிங் பறவை என்று பலர் எண்ணுகின்றனர். அது வேறு குடும்பம். ஹம்மிங் பறவைகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உள்ளன. அவற்றுள் காஸ்டா, அரிசோனா, கலிபோர்னியா, மெக்சிகோவின் வடமேற்குப் பகுதி ஆகிய இடங்களின் பாலைவனங்களில் வாழ்கிறது. 1839-ஆம் ஆண்டில் பூர்சியே என்ற பிரெஞ்சுக்காரர் இதற்கு காஸ்டா பிரபுவின் பெயரைச் சூட்டினார். எடை சுமார் 3 கிராம். ஒரு தேக்கரண்டி சர்க்கரைகூட இதைவிடக் கனம்! ஆண் பறவையின் கழுத்து நிழலில் கறுப்பாகத் தெரியும். வெயில் பட்டதும் தவக்காலத் திருவுடைபோல் ஊதாவாக ஒளிரும்.

அந்தரத்தில் நின்றபடியே சிறகடித்துத் தேன் குடிப்பதால் இதற்கு எந்நேரமும் பசிதான். ஒக்கோட்டியோ, சுப்பாரோசா முதலிய பாலைச் செடிகளின் பூக்களை நாடும்; சிறு பூச்சிகளையும் பிடிக்கும். (சுப்பாரோசா என்றால் ஸ்பானிய மொழியில் ரோஜாவைச் சூப்புவது என்று பொருள். நம் ‘சூப்பு’ நினைவுக்கு வருகிறதல்லவா?)

பகலில் இப்படிச் சமாளிக்கலாம். இரவில் பூவைத் தேட முடியாது. பாலைவனமோ குளிர்காலத்தில் கடுமையாகக் குளிர்ந்துவிடும். உடற்சூட்டைக் காலைவரை காக்க முயன்றால் சேமித்த கொழுப்பு விடியுமுன் தீர்ந்துபோகலாம். ஆகவே அது தன் உடலைக் குளிரவிடுகிறது. நிமிடத்துக்கு 500 முதல் 900 முறை துடிக்கும் இதயம் சுமார் 50 துடிப்பாகக் குறைகிறது. தொட்டாலும் அசையாது, பார்ப்பவர் இறந்துவிட்டதென்றே நினைப்பர். விடியும் வேளையில் உடலை நடுக்கி, மெல்லச் சூடேறி, மறுபடி பூவைத் தேடிப் புறப்படும்.

பாலைவனத்தில் இவை கூடு கட்டுவது பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில். ஆண் எவ்வித உதவியும் செய்வதில்லை. தாயே நாரையும் மென்மையான பஞ்சையும் சிலந்தி நூலால் பிணைத்துச் சிறு கிண்ணம்போல் கூடு கட்டி, இரண்டு வெண்முட்டைகளை இட்டு, ஏறத்தாழ 16 நாள் அடைகாக்கிறது. ஹம்மிங் பறவைகளில் அடைகாக்கும் தாய்கள் கூடுமானவரை அந்த மரண உறக்கத்துக்குப் போவதில்லை. உடல் குளிர்ந்தால் முட்டையும் குளிர்ந்துவிடுமே! எனவே மற்றப் பறவைகள் தம் கொழுப்பை மிச்சப்படுத்தும் அந்த இரவுகளில், தாய்ச்சிட்டு தன் சேமிப்பைச் செலவிட்டுக் கூட்டைச் சூடாக வைத்திருக்கிறது. குஞ்சுகள் பொரித்துச் சுமார் மூன்று வாரத்தில் பறந்துவிடும். கோடை முற்றுமுன் பல பறவைகள் பாலைவனத்தை விட்டுக் கடற்கரைப் பக்கம் போய்விடுகின்றன.