வேலை செய்யும்போது உடலைக் கவனிப்போம்

சொந்தக் காணிக்குத் திரும்பிய முதல் வாரங்களில் எல்லா வேலைகளும் ஒன்றாக வந்து சேரும். பற்றை வெட்ட வேண்டும், கிணறு இறைக்க வேண்டும், தகரமும் சீமெந்தும் சுமக்க வேண்டும். முகாமில் நெடுநாள் இருந்தவர்களுக்கு இந்த வேலைகள் பழக்கம் விட்டுப்போயிருக்கும். இந்த நேரத்தில் நாரி பிடித்துக்கொண்டால் வீட்டு வேலை முழுவதும் நின்றுவிடும். உழைப்பவர் ஒருவரே உள்ள குடும்பத்திற்கு அது பெரிய இழப்பு. ஆகவே உடல் சொல்வதை நேரத்தோடு கவனிக்கப் பழகுவோம்.

முதலில் ஒரு சிறிய பயிற்சி

கால்களைச் சற்று அகட்டி நின்று, உங்களையே கேளுங்கள்:

1. பாரம் இரண்டு பாதங்களிலும் சமமாக உள்ளதா?
2. தோள்கள் மேலே உயர்ந்து இறுகியுள்ளனவா?
3. மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறேனா?

பாரத்தைச் சமப்படுத்தி, தோள்களைத் தளர்த்தி, மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். வேலையின் நடுவிலும் இதே கேள்விகளைக் கேளுங்கள்.

பாரம் தூக்கும்போது

• முதலில் பொருளைச் சற்று அசைத்து அதன் பாரத்தை அறியுங்கள். சீமெந்துப் பை ஒன்று 50 கிலோ. அதை இருவராகத் தூக்குங்கள்.
• பொருளுக்கு அருகில் சென்று முழங்காலை மடித்து இறங்குங்கள். அதை உடலோடு அணைத்து, மூச்சை விட்டபடி கால்களின் பலத்தால் எழும்புங்கள்.
• திரும்பும்போது நாரியை முறுக்காதீர்கள். பாதங்களை எடுத்து வைத்துத் திரும்புங்கள்.

தண்ணீர் அள்ளும்போது

20 லீற்றர் கான் நிரம்பினால் 20 கிலோவுக்கு மேல் இருக்கும். அதை ஒரு கையில் சுமந்தால் உடல் ஒரு பக்கம் சாயும். இரண்டு சிறிய வாளிகளில் பிரித்து இரு கைகளிலும் சுமக்கலாம். பிள்ளைகளுக்கு அரை வாளி போதும். கட்டு இல்லாத கிணற்றின் விளிம்பில் நிற்க வேண்டாம்.

பற்றை வெட்டும்போது

கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதிசெய்யப்பட்ட காணியில் மட்டும் வேலை செய்யுங்கள். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை கத்தியைக் கீழே வைத்து நிமிருங்கள். கைகளை இடுப்பில் வைத்து மெதுவாகப் பின்னே சாயுங்கள். மண்வெட்டி பிடிப்பவர்கள் முன்வைக்கும் காலை மாற்றிக்கொள்ளுங்கள்.

பழைய காயம் உள்ளவர்கள்

காயப்பட்ட காலைக் காப்பாற்ற எண்ணி மற்றக் காலில் கூடுதல் பாரம் கொடுப்பது இயல்பு. அதனால் நல்ல காலும் நோகலாம். வேலையை உட்கார்ந்து செய்வதும் நின்று செய்வதுமாக மாற்றிக்கொள்ளுங்கள். செயற்கைக் கால் அணிபவர்கள் மாலையில் அதைக் கழற்றி, தோல் சிவந்துள்ளதா, புண் உள்ளதா என்று பாருங்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்?

புது வேலையால் வரும் உளைவு சில நாட்களில் குறையும். வேலை நடுவே குத்தும் நோ வந்தால் உடனே நிறுத்துங்கள். நாரி நோவுடன் கால் விறைத்தாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் கழிக்க முடியாவிட்டாலோ தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

வீட்டில் செய்து பாருங்கள்

ஒருவர் வெறும் வாளியைத் தூக்கட்டும். மற்றவர்கள் அவருடைய முழங்கால், நாரி, தோள் ஆகியவற்றைப் பார்த்துச் சொல்லட்டும். பிறகு அரை வாளி தண்ணீருடன் மீண்டும் தூக்கட்டும். எல்லோரும் முறை மாறிச் செய்யுங்கள்.