கொள்கலன் நிரப்பும் பொறிகள்: நிலையான அழுத்தமும் தூய்மையும்

ஐதராபாத் நகரின் வடமேற்கில் அமைந்துள்ள சனத்நகர், பெயரிலேயே தன் இயல்பைத் தாங்கி நிற்கும் ஊராகும். உருது மொழியில் 'சனத்' என்னும் சொல் தொழிலைக் குறிக்கும். குளிர்சாதனப் பெட்டிகளுக்குப் பெயர்பெற்றிருந்த ஐதராபாத் ஆல்வின் நிறுவனம் இங்குதான் இயங்கி வந்தது. அண்மையிலுள்ள பாலாநகரில், சோவியத் நாட்டின் உதவியுடன், 1961இல் தோற்றுவிக்கப்பெற்ற இந்திய மருந்துகள் நிறுவனத்தின் செயற்கை மருந்து ஆலை அமைந்தது. 1968இல் அங்கேயே மத்தியக் கருவி வடிவமைப்பு நிறுவனமும் நிறுவப்பெற்றது. மருந்து ஆலை இன்று இயங்கவில்லை. எனினும், அது வளர்த்த தொழில் அறிவு ஐதராபாத்தை நாட்டின் முதன்மையான மருந்து உற்பத்தி மையங்களுள் ஒன்றாக உயர்த்தியுள்ளது.

மருந்தாயினும், பாலாயினும், குளிர்பானமாயினும் நுகர்வோரின் கைக்குச் செல்லுமுன் கடந்தாக வேண்டிய இறுதி வாயில் நிரப்பும் பொறியே. இங்கு நேரும் பிழையைப் பின்னர் திருத்த இயலாது. அளவு குறைந்தால் நுகர்வோரின் பணம் வீணாகிறது. தூய்மை குறைந்தால் உயிருக்கே ஊறு நேரலாம். இவ்விரண்டையும் காப்பதில் அழுத்தத்திற்குப் பெரும் பங்கு உண்டு.

அழுத்தமும் அளவும்

ஒரு துளை வழியே பாயும் திரவத்தின் வேகம், அதனைத் தள்ளும் அழுத்தத்தின் வர்க்கமூலத்திற்கு ஏற்ப மாறும். குறிப்பிட்ட நேரம் வால்வைத் திறந்து மூடுவதன் மூலம் நிரப்பும் பொறிகளில் இவ்விதியின் விளைவை நேரடியாகக் காணலாம். மேல்தொட்டியில் திரவ மட்டம் 100 சென்டிமீட்டரிலிருந்து 90 சென்டிமீட்டராகக் குறைவதாகக் கொள்வோம். அழுத்தம் 10 விழுக்காடு குறைகிறது. பாயும் அளவோ ஏறத்தாழ 5 விழுக்காடு குறைகிறது. 500 மில்லிலிட்டர் நிரம்ப வேண்டிய குப்பியில் 474 மில்லிலிட்டரே நிரம்பும்.

இது சிறு குறையன்று. 2009ஆம் ஆண்டின் சட்டமுறை அளவியல் சட்டத்தின்கீழ் 2011இல் இயற்றப்பெற்ற சிப்பப் பொருள்கள் விதிகளின்படி, 500 மில்லிலிட்டர் குப்பியில் அனுமதிக்கப்படும் உச்சப் பிழை 15 மில்லிலிட்டரே. அதுவும் தனிக் குப்பிகளுக்கான சலுகை மட்டுமே; மொத்தக் குப்பிகளின் சராசரி அளவு, சீட்டில் அறிவித்த அளவுக்குக் குறைதல் கூடாது. எனவே அழுத்தம் 6 விழுக்காடு குறைந்தாலே பொறி சட்டத்தின் எல்லையைத் தொட்டுவிடும். மாறாக, அழுத்தம் கூடினால் உற்பத்தியாளருக்கு ஒவ்வொரு குப்பியிலும் இழப்பு உண்டாகும்.

இதற்குரிய தீர்வுகள் எளியவையே. மேல்தொட்டியை உயரம் குறைந்ததாகவும் பரப்பு அகன்றதாகவும் அமைத்தால் மட்டம் விரைவில் மாறாது. மிதவை வால்வு மட்டத்தைத் தானே சீர்செய்யும். எக்கியின் துடிப்பு குழாயில் பரவாதவாறு இடைத்தொட்டி ஒன்றை வைக்கலாம். அழுத்தப்பட்ட காற்றால் இயங்கும் பொறியாயின், பல பொறிகள் ஒரே காற்றுக் குழாயைப் பகிர்ந்து கொள்ளும்போது அழுத்தம் விழுவது இயல்பு. ஆதலின் ஒவ்வொரு பொறிக்கும் தனி அழுத்தச் சீராக்கி தேவை. உருளையும் உந்துதண்டும் கொண்டு அளந்து நிரப்பும் பொறிகள் அழுத்த மாற்றத்தால் அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை. விலையுயர்ந்த மருந்துகளுக்கு அவை பொருந்தும்.

வாயு கலந்த பானங்கள்

கரியமிலவாயு கலந்த பானங்களில் சிக்கல் வேறு வகையானது. அழுத்தம் மிகுந்தால் வாயு கரைந்து நிற்கும். அழுத்தம் திடீரெனக் குறைந்தால் நுரைத்து வெளியேறும். ஆகவே வெறுங்குப்பியில் முதலில் வாயுவைச் செலுத்தி, அதன் அழுத்தத்தைத் தொட்டியின் அழுத்தத்திற்குச் சமமாக்குவர். இரண்டும் சமமானபின் பானம் தன் எடையாலேயே அமைதியாக இறங்கும். நிரம்பியபின் மேலேயுள்ள வாயு மெல்ல வெளிவிடப்படும். இம்மூன்று படிகளில் ஒன்று அவசரப்பட்டாலும் பானம் நுரைத்து வழியும், அளவும் குறையும். வழிந்த சர்க்கரைப் பானம் பொறியின் இடுக்குகளில் தங்கி, ஈச நுண்ணுயிர்கள் வளர இடமளிக்கும். அழுத்தப் பிழை தூய்மைப் பிழையாக மாறுவது இவ்வாறுதான்.

தூய்மையின் காவலன்

திரவமும் காற்றும் எப்போதும் அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்கே செல்லும். தூய பகுதியின் அழுத்தத்தைச் சற்றே உயர்த்தி வைத்தால், கசிவு ஏற்பட்டாலும் அழுக்கு உள்ளே நுழையாது. பால் பதனிடும் நிலையங்களில் பாலை 72 டிகிரி செல்சியசில் 15 விநாடி சூடாக்குவர். அவ்வாறு சூடாக்கிய பாலின் வெப்பம், தகடுகளின் மறுபக்கம் ஓடும் பச்சைப் பாலைச் சூடாக்கப் பயன்படுகிறது. இங்குப் பதனிட்ட பாலின் அழுத்தமே மிகுந்திருத்தல் வேண்டும். இல்லையெனில் தகட்டிலுள்ள மயிரிழை போன்ற வெடிப்பே போதும். பச்சைப் பால் தூய பாலுடன் கலந்துவிடும்.

ஊசி மருந்து நிரப்பும் அறைகளிலும் இதே நெறிதான். அடுத்துள்ள அறையைவிட 10 முதல் 15 பாஸ்கல் வரை கூடுதல் காற்றழுத்தம் அங்கு நிலவும். 10 பாஸ்கல் என்பது ஒரு மில்லிமீட்டர் நீர்மட்ட உயரத்திற்கே சமம். கதவு ஒன்று திறந்து கிடந்தால் இச்சிறு வேறுபாடு மறைந்துவிடும்.

நிரப்பும் குழாய்களைக் கழற்றாமலே கழுவும் முறையும் அழுத்தத்தையே நம்பியுள்ளது. முதலில் நீர், பின்னர் சூடான காஸ்டிக் சோடாக் கரைசல், மீண்டும் நீர், தேவையாயின் நீர்த்த அமிலம், இறுதியில் தூய நீர் என்பது வழக்கமான வரிசை. குழாயினுள் ஓட்டம் விநாடிக்கு 1.5 மீட்டர் வேகத்திலேனும் இருந்தால்தான் சுவரில் ஒட்டிய படலம் பெயரும். எக்கி தளர்ந்தால் கரைசல் ஓடுமேயன்றி அழுக்கு போகாது.

தக்காண பீடபூமியில் ஒரு கணக்கு

நுண்ணுயிர் நீக்கும் நீராவிக் கலத்தில், 121 டிகிரி வெப்பத்தை 15 நிமிடம் காப்பது மரபு. கடல்மட்டத்தில் அழுத்தமானி 103 கிலோபாஸ்கல் காட்டும்போது இவ்வெப்பம் கிடைக்கும். ஆனால் ஐதராபாத் கடல்மட்டத்திற்கு மேல் 500 மீட்டருக்கும் அதிக உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றழுத்தம் ஏறத்தாழ 95 கிலோபாஸ்கல்தான். அழுத்தமானி, வெளிக்காற்றினும் மிகுதியாக உள்ள அழுத்தத்தையே காட்டுவதால், சென்னையில் 121 டிகிரி தரும் அதே அளவு சனத்நகரில் 120 டிகிரியே தரும். ஒரு டிகிரி குறைவால், அதே நேரத்தில் கிடைக்கும் கிருமிநீக்கும் ஆற்றல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. ஆதலின் அழுத்தத்தை மட்டுமன்றி வெப்பத்தையும் அளந்தே செயற்பட வேண்டும்.

கலத்தில் காற்று தங்கிவிட்டாலோ தீங்கு இன்னும் பெரிது. அழுத்தம் சரியாக இருக்கும்; வெப்பம் இராது. 1972இல் இங்கிலாந்தின் பிளிமத் நகர மருத்துவமனை ஒன்றில், இவ்வாறு முழுமையாகச் சூடேறாத குளுக்கோஸ் கரைசல் நோயாளிகளுக்குச் செலுத்தப்பட்டது. ஐவரின் மரணத்துடன் அக்கரைசல் தொடர்புபடுத்தப்பட்டது. கலத்தின் கீழ்ப்பகுதியில் வெளியேறாது தங்கிய காற்றே காரணம் என விசாரணை கண்டது. வெப்பம் ஏறவில்லை என்பதைப் பதிவுக் கருவி காட்டியிருந்தும், கருவியே பழுதென்று கருதப்பட்டது.

செய்ய வேண்டுவன

அழுத்தமானிகளையும் வெப்பமானிகளையும் குறித்த காலத்தில் ஒப்பிட்டுச் சரிபார்த்தல் முதற்கடமை. மணிதோறும் சில குப்பிகளை எடையிட்டுப் பதிந்தால், அழுத்தம் மெல்லச் சரிவதை முன்கூட்டியே அறியலாம். மேற்பார்வை அலுவலர்கள், சரியான எண்களை மட்டுமே கொண்ட ஏட்டைவிட, பிழையையும் திருத்தத்தையும் பதிந்த ஏட்டையே நம்பத்தக்கதாகக் கொள்ள வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, கருவி மாறான எண்ணைக் காட்டும்போது பொறியை நிறுத்தும் உரிமை அதனை இயக்கும் தொழிலாளிக்கு இருத்தல் வேண்டும். நிறுத்திய பொறியால் நேரும் இழப்பை மறுநாள் ஈடுசெய்யலாம். தூய்மை கெட்ட ஒரு குப்பி ஆலையைவிட்டு வெளியேறினால், அதன் விளைவை ஈடுசெய்ய எவராலும் இயலாது.